என் பெயரில் எழுதியவர்

என் கணவர் எழுதிய நாவல்கள் எல்லாவற்றின் பின்னட்டையிலும் என் படம்தான் இருக்கும். முன்னட்டையில் இருக்கிற பெயரும் என்னுடையதுதான். எண்பதுகளின் தொடக்கத்திலிருந்து அவர் சாகும் வரை, மாதம் ஒன்றாக, ராஜபாளையம் பேருந்து நிலையக் கடைகளில் கிளிப் போட்டுத் தொங்கிய மர்ம நாவல்களில், கையில் பேனாவோடு கன்னத்தில் விரல் வைத்து யோசித்துக்கொண்டிருப்பவள் நான். என்ன யோசித்தேன் என்று கேட்டால், அன்று ஸ்ரீவில்லிபுத்தூர் ஸ்டூடியோவுக்குக் கிளம்பும்போது அடுப்பிலிருந்து பாலை இறக்கினோமா இல்லையா என்பதைத்தான். அந்தப் பேனாகூட ஸ்டூடியோக்காரருடையது. அதில் மை கிடையாது.

அவர் ஒரு பஞ்சாலையில் டைம் ஆபீஸ் கிளார்க். யார் எந்த ஷிப்டுக்கு வந்தார்கள், யார் லேட் என்று குறிக்கிற வேலை. கல்யாணமான புதிதில் தன் பெயரில் இரண்டு கதைகளை மதராஸுக்கு அனுப்பினார். இரண்டும் போன வேகத்தில் திரும்பி வந்தன. மூன்றாவதை விளையாட்டாக என் பெயரில் அனுப்பினார். அச்சாகிவிட்டது. ஒரு பெண் கொலைக்கதை எழுதுவது புதுமையாக இருக்கிறது, போட்டோ அனுப்புங்கள் என்று பதிப்பாளர் எழுதினார். அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் மில்லில் வேலை பார்க்கிறவர்கள் வெளியே வேறு தொழில் பார்க்கக் கூடாது என்று சொல்வார்கள். அதைவிட, அவர் சுபாவமே பயந்த சுபாவம். பெண்டாட்டி பெயருக்குப் பின்னால் நிற்பது அவருக்கு வசதியாகப் போய்விட்டது.

பயம் என்றால் சாதாரணப் பயம் இல்லை. துஷ்டி கேட்கப் போக வேண்டியிருந்தால், இழவு வீட்டுத் தெருமுனை வரைக்கும் வருவார். "நீ உள்ள போயிட்டு வா, நான் சைக்கிளப் பாத்துக்கிடுதேன்" என்று அங்கேயே நின்றுவிடுவார். ஒருநாள் அரிவாள்மணையில் என் விரல் வெட்டுப்பட்டுவிட்டது. இவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டார். இந்த மனுஷன்தான் மாதாமாதம் ஊட்டியிலும் கொடைக்கானலிலும் பங்களா பங்களாவாகப் போய் ஆட்களைத் தீர்த்துக்கட்டிக்கொண்டிருந்தார். ஊட்டியை அவர் பார்த்தது எங்கள் வீட்டுக் காலண்டரில்தான்.

ஒரு தடவை துணிந்து மில் பஞ்சு குடோனில் ஒரு கொலையை வைத்தார். பாதியில் பயம் வந்து, யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்று குடோனைத் தேயிலை ஆலையாக மாற்றினார். மாற்றினவர் வேலையாட்களின் தலையில் ஒட்டியிருந்த பஞ்சை எடுக்க மறந்துவிட்டார். தேயிலை ஆலையில் ஏது பஞ்சு என்று ஒரு வாசகர் கேட்டு எழுதியிருந்தார். அச்சுப் பிழை என்று என் பெயரில் பதில் போட்டார். நான் சிரித்த சிரிப்பில் சாயங்காலம் முழுக்க என்னோடு பேசவில்லை.

ஷிப்டு முடிந்து வந்து, காபி குடித்துவிட்டு, அடுப்படி வாசல் நிலையில் சாய்ந்து உட்காருவார். பாதி வரைக்கும் கதையைச் சொல்வார். "யாரு செஞ்சிருப்பா, சொல்லு பாப்போம்" என்பார். ஆரம்பத்தில் நான் பட்டென்று சொல்லிவிடுவேன். சரியாகவும் இருக்கும். முதல் அத்தியாயத்தில் யார் கேட்காமலே உதவிக்கு ஓடி வருகிறானோ அவன்தான், அது அவருடைய வழக்கம். நான் சொன்னதும் அவர் முகம் விழுந்துவிடும். பெண்டாட்டியே கண்டுபிடித்துவிட்டால் ஊர் கண்டுபிடிக்காதா என்று கொலையாளியை மாற்றி, அவனுக்காக எழுதியதையெல்லாம் கிழித்து, தூக்கம் கெட்டு, கண் சிவந்து திரிவார். இரண்டு மூன்று தடவை பார்த்துவிட்டு நான் தோட்டக்காரனைச் சொல்ல ஆரம்பித்தேன். "நீ எம்புட்டு வெகுளியா இருக்க" என்று சொல்லி எழுந்து போவார் பாருங்கள், அந்த நடையில் அவ்வளவு சந்தோஷம் இருக்கும். அந்த நடைக்காக எத்தனை தோட்டக்காரர்கள்மேல் அநியாயமாகப் பழி போட்டிருப்பேனோ தெரியாது.

வாசகர் கடிதங்கள் வரும். என்னை உட்காரவைத்து வாசித்துக் காட்டுவார். 'அன்புச் சகோதரிக்கு' என்று தொடங்குவதை வாசிக்கும்போது மட்டும் கொஞ்சம் குரல் இறங்கும். யாராவது ஒருவர் தன்னை 'ஐயா' என்று எழுதக் கூடாதா என்று இருந்திருக்கும். சொன்னதில்லை. பதிப்பாளருக்கு மட்டும் இரண்டாம் வருடமே விஷயம் தெரியும். மதுரையில் ஒரு கல்யாணத்தில் சந்தித்தபோது, இது நம் மூன்று பேருக்குள் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார். மற்றபடி ஊர், தெரு, மில், உறவு எல்லாருக்கும் எழுதுகிறவள் நான்தான். தெருப் பெண்கள் தண்ணீர்க் குழாயில் என்னைக் கண்டால், "கொலைகாரி வாரா, வழி விடுங்க" என்று கேலி செய்வார்கள். தளவாய்புரத்தில் இருக்கிற அவருடைய தம்பி, பொம்பளைக்கு எதற்கு இந்தக் கொலையும் கொள்ளையும் என்று அவரிடமே கேட்டிருக்கிறார். அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டு வந்தார். எங்களுக்குக் குழந்தை இல்லாததற்கும் இந்தக் கொலைகளுக்கும் முடிச்சுப் போட்டுப் பேசினவர்களும் உண்டு. ஊர் வாயை மூட உலைமூடியா இருக்கிறது?

ஒரு ஐப்பசி மாதம், ஷிப்டு விட்டு வருகிற வழியில், ரயில்வே கேட் மூடியிருந்தது. ரயில் போகிற வரைக்கும் சைக்கிளில் ஒரு காலை ஊன்றி நின்றவர் அப்படியே சரிந்துவிட்டார். மாரடைப்பு. ரயில் போய் கேட் திறந்தபோது உயிர் இல்லை என்றார்கள். செத்த உடலைப் பார்க்கவே பயந்தவரை நடுவீட்டில் கிடத்தியிருந்தார்கள். எனக்கு அவரைத் தனியாக விட்டுவிட்டு எழுந்து போக மனமே வரவில்லை, பயந்துவிடுவாரோ என்று.

எல்லாரும் அழுதார்கள். தம்பி அண்ணனுக்காக அழுதார். மில் ஆட்கள், அஞ்சு நிமிஷம் பிந்தினாலும் லேட் போடாத கிளார்க்குக்காக அழுதார்கள். பெண்கள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "ஒனக்கு இருந்த ஒத்தத் தொணையும் போச்சே" என்றார்கள். அவருடைய சித்தி மட்டும் என் முதுகைத் தடவி, "அழாத. ஒனக்குக் கையில எழுத்து இருக்கு, பொழச்சுக்கிடுவ" என்றார்.

அதுதான் என்னால் தாங்க முடியாமல் போயிற்று. எழுதினது நான் இல்லை அத்தை, எல்லாம் அவுக எழுதினது என்று சொன்னேன். சித்தி என் முகத்தைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் இருந்தவளிடம், "துக்கத்துல பேதலிச்சுப் பேசுதா, செத்த நேரம் படுக்க வையி" என்றார். எனக்கு வெந்நீர் கொடுத்தார்கள். நான் குடித்தேன்.

பதினாறாம் நாளுக்கு மில்லில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடித்து ஊரெல்லாம் ஒட்டினார்கள். அவர் படம், பெயர், டைம் ஆபீஸ் கிளார்க். எங்கள் பக்கத்தில் போஸ்டர் ஒட்டினால்தான் ஒருவர் செத்ததாகக் கணக்கு. கிளார்க் செத்துவிட்டார். எழுத்தாளர் சாகவில்லை, எப்படிச் சாவார், நான்தான் குத்துக்கல் மாதிரி இருக்கிறேனே. எனக்கு அப்போதிலிருந்து ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. எழுதினவர் போய்விட்டார் என்று ஒருவராவது தெரிந்து, அதற்காக ஒரு சொட்டுக் கண்ணீர் விட வேண்டும்.

பதிப்பாளர் ஆப்பிள் பையோடு வந்தார். நல்ல மனிதர்தான், கண்ணெல்லாம் கலங்கியிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து, "அம்மா, வாசகர்களுக்கு எழுத்தாளர் நீங்கதான். நீங்க நல்லா இருக்கணும். பெயர் நின்னுடக் கூடாது. மெட்ராஸ்ல ஒரு பையன் இருக்கான், அதே பாணியில எழுதுவான்" என்றார்.

"எழுதினவுக எறந்துட்டாகன்னு ஒரு பக்கத்துல போடுங்க. பொறவு நீங்க என்னமும் செய்ங்க" என்றேன்.

"போடலாம்மா, பார்ப்போம்" என்றார். அந்தப் பார்ப்போமில் எல்லாம் முடிந்துவிட்டது. நான் இரண்டு தடவை எழுதிக் கேட்டேன். பதில் இல்லை. அடுத்த மாதமே என் பெயரும் என் படமும் போட்டு நாவல் வந்துவிட்டது.

எங்கள் ஆட்களில் புருஷன் செத்தவள் வருஷம் திரும்புகிற வரை வாசல் தாண்டக் கூடாது. கொத்தமல்லித் தழைக்குக்கூட இன்னொருவரைத்தான் அனுப்ப வேண்டும். முதல் மாதம் யாராவது வந்து உட்கார்ந்திருந்தார்கள். அப்புறம் அவரவர் பிழைப்பு அவரவருக்கு. மில் சங்கு ஊதுகிறபோது கை தானாகக் காபிக்குத் தண்ணீர் வைத்துவிடும். கொதித்ததைக் கீழே கொட்டவும் மனசில்லாமல் நானே இரண்டு டம்ளரையும் குடிப்பேன். பக்கத்து வீட்டு அக்கா மட்டும் தவறாமல் வருவார். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், என்னிடம் தமிழ். என் நாவலை நானே பார்க்க ஆசைப்படுவேன் என்று நினைத்து மாதாமாதம் கடையில் வாங்கி வந்து கொடுப்பார். வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?

முதல் புத்தகத்தை அடுப்படியில் உட்கார்ந்து படித்தேன். ஊட்டிதான், பங்களாதான். ரத்தம் மட்டும் அவர் ஒரு வருஷத்துக்குச் சிந்துவதை இந்தப் பையன் ஒரே பக்கத்தில் சிந்தியிருந்தான். மர்மம்தான் இல்லை; சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும். கதை பாதிக்கு வருவதற்கு முன்னாலேயே, "டாக்டர்தான்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். கடைசிப் பக்கத்தில் பார்த்தால் டாக்டர்தான். நான் சரியாகச் சொல்லிவிட்டேனே என்று முகம் விழுவதற்கு அந்த வாசல் நிலையில் ஆள் இல்லை. அன்றைக்குத்தான் நான் இனிமேல் தனி என்பது எனக்கு உறைத்தது. அதுவரை ஏதோ ஷிப்டு மாறிப் போயிருக்கிற மாதிரிதான் இருந்தது.

தலைத்திவசம் வந்தது. முதலாம் ஆண்டு நினைவஞ்சலி போஸ்டரை நானே அடிப்பது என்று முடிவு செய்தேன். மம்சாபுரத்திலிருந்து என் தம்பியை வரச் சொன்னேன். அவனுக்கு மட்டும் முழுக்கதையையும் சொன்னேன். அவன் சுவரில் இருந்த அவர் படத்தைப் பார்த்துவிட்டு, "மச்சான் அப்பிடிப்பட்ட ஆளா" என்றான். போஸ்டருக்கு நான் எழுதிக் கொடுத்தது இவ்வளவுதான்: மேலே முதலாம் ஆண்டு நினைவஞ்சலி, கீழே மர்ம நாவலாசிரியர் என்று போட்டு என் பெயர். நடுவில் அவர் படம். அவருடைய சொந்தப் பெயரைப் போடவில்லை. அதைத்தான் போன போஸ்டரிலேயே போட்டுவிட்டார்களே. அவர் முகமும் அந்தப் பெயரும் ஒரே தாளில் ஒரு தடவையாவது சேர்ந்து நிற்கட்டும் என்று இருந்தது எனக்கு.

"அக்கா, இப்பிடிப் போட்டா ஆளுகளுக்கு வெளங்குமா?" என்று கேட்டான்.

"வெளங்குதவுகளுக்கு வெளங்கட்டும்" என்றேன். மர்மக்கதைக்காரர் பெண்டாட்டி அல்லவா, எல்லாவற்றையும் உடைத்துச் சொல்ல எனக்கும் மனம் வரவில்லை.

அவன் ஸ்ரீவில்லிபுத்தூரில் தனக்குத் தெரிந்த ஒரு அச்சகத்தில் தாளையும் படத்தையும் கொடுத்துவிட்டு, ஒட்டுவதற்கும் அவர்களையே சொல்லிவிட்டு, மம்சாபுரம் பஸ் வந்துவிட்டது என்று ஓடிவிட்டான். அந்த அச்சக முதலாளி என் நாவல்களை ஒன்று விடாமல் படிக்கிறவராம். பெயரைப் பார்த்திருக்கிறார், படத்தைப் பார்த்திருக்கிறார். செத்த பிறகும் நாவல் வருகிறதே என்றால், எழுதி வைத்துவிட்டுப் போனதாக இருக்கும் என்று எடுத்துக்கொண்டாராம். பெண் எழுத்தாளருக்கு ஆண் படமா, பையன் அவசரத்தில் வேறு யார் படத்தையோ கொடுத்துவிட்டுப் போய்விட்டான் என்று நினைத்திருக்கிறார். தன்னிடம் இருந்த நாவலின் பின்னட்டையிலிருந்து என் படத்தை எடுத்து, மெனக்கெட்டு அச்சுப் பிளாக் செய்து, சுற்றிலும் பூ வளையம் வேறு வைத்து அடித்துவிட்டார். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், இடையில் இருக்கிற ஊர் எல்லாம் ஒட்டியாயிற்று.

காலையில் பக்கத்து வீட்டு அக்கா மூச்சு வாங்க வந்தார். என்னைப் பார்த்ததும் என் கையைப் பிடித்து அழுத்திப் பார்த்தார். "ஏமம்மா இது, பஸ் ஸ்டாண்டுல நீ செத்து ஒரு வருஷம்னு ஒட்டியிருக்கு" என்று தெலுங்கும் தமிழுமாகக் கேட்டார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு வருடத்தில் அன்றுதான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருக்கும்போது அழுகையும் வந்தது. கன்னத்தில் விரலை வைத்துக்கொண்டு என் சாவை நானே யோசிக்கிற மாதிரி சுவர் சுவராக உட்கார்ந்திருக்கிறேனாம். தம்பி தலையில் அடித்துக்கொண்டு வந்தான். எல்லாவற்றையும் கிழித்துப் போடுகிறேன் என்று கிளம்பினான். நான் விடவில்லை.

"இருக்கட்டும்டே. அவுக பேருக்குத் துஷ்டி கேக்க யாராச்சும் வருவாக. வரட்டும்" என்றேன்.

தளவாய்புரத்திலிருந்து கொழுந்தன் வந்து, குடும்ப மானம் போயிற்று என்று வாசலில் நின்றே பேசிவிட்டுப் போனார். மில்லிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். நான் உயிரோடு இருப்பதைப் பார்த்துவிட்டு, சங்கடமாகச் சிரித்து, தண்ணீர் மட்டும் குடித்துவிட்டுப் போனார்கள். கல்லூரிப் பையன்கள் சிலர் எதிர் வீட்டு ஓரத்தில் நின்று, நான் வாசல் தெளிப்பதைப் பார்த்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு பறந்தார்கள். பதிப்பாளர் விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். செத்து ஒரு வருடம் ஆனவர் மாதாமாதம் எப்படி எழுதுகிறார் என்று வாசகர்கள் கடிதமாகப் போட்டுக் குவித்துவிட்டார்களாம். இரண்டு மாதத்தில் என் பெயரில் வருவது நின்றது. ஏன் நின்றது என்று எங்கேயும் ஒரு வரி போடவில்லை. எனக்கு அதில் வெற்றி என்று ஒன்றும் தோன்றவில்லை. நான் கேட்டது நிறுத்தச் சொல்லி இல்லையே.

போஸ்டர் ஒட்டி நாலைந்து நாள் கழித்து, மத்தியானத்தில் ஒரு பெண் வந்தாள். என் வயதுதான் இருக்கும். கையில் ஒரு பை, வாழை இலையில் சுற்றிய மாலை. வாசலில் நின்று என்னையே பார்த்தாள்.

"வத்திராப்புல இருந்து வாரேன். பால்வாடியில வேல பாக்கேன். எழுத்தாளரம்மா வீடு இதுதானா? நீங்க அவுகளுக்குத் தங்கச்சியா? ஒரே சாடையா இருக்கீக" என்றாள்.

"தங்கச்சி இல்ல. படத்துல இருக்குறது நான்தான். ஆனா நீங்க துஷ்டிக்கு வந்தது சரிதான். உள்ள வாங்க" என்றேன்.

அவள் பயப்படவில்லை, திரும்பியும் போகவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு வந்து தரையில் உட்கார்ந்தாள். சுவரில் இருந்த அவர் படத்தைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். சித்தியிடம் சொன்ன மாதிரி அழுதுகொண்டு சொல்லவில்லை, நிதானமாகச் சொன்னேன். இவளும் என்னைப் பேதலித்தவள் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும் என்று இருந்தது. ஏமாற்றிவிட்டீர்களே என்று கேட்பாள் என்றும் எதிர்பார்த்தேன்.

அவள் அப்படி எதுவும் கேட்கவில்லை. "அவுக கடேசியா எழுதுனது எது?" என்று மட்டும் கேட்டாள்.

அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அட்டையைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது.

"இதுக்குப் பொறவு வந்ததையும் நான் விடாம வாங்கிப் படிச்சேன். படிச்சுப்புட்டு, இந்தம்மாவுக்கு என்னமோ ஆயிருச்சு, எழுத்துல அவுக இல்லன்னு எங்க வீட்டுல சொல்லிட்டே இருப்பேன். ஒரு கார்டு போட்டு, ஒடம்புக்குச் சொகமில்லையான்னு கேட்டுருவமான்னு நெனப்பேன். பெரிய எழுத்தாளரு, நாம கேக்கலாமான்னு விட்டுருவேன். போஸ்டரப் பாத்துட்டு, செத்தவுக எப்பிடி ஒரு வருஷமா எழுதுனாகன்னு ஊரே பேசுது. எனக்கு அதிசயமாவே இல்ல. போயித்தான் ஒரு வருஷம் ஆச்சேன்னுதான் தோணுச்சு" என்றாள்.

ஒரு வருடமாக அவரைத் தேடுகிறவள் நான் ஒருத்திதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வத்திராயிருப்பு மலையடிவாரத்தில் இன்னொருத்தியும் மாதாமாதம் தேடிப் பார்த்துவிட்டு, காணோம் என்று மூடி வைத்திருக்கிறாள். யாரைத் தேடுகிறோம் என்றுகூட அவளுக்குத் தெரியாது.

எழுந்து மாலையை அவர் படத்துக்குப் போட்டாள். பின்னட்டையில் பார்த்த எழுத்தாளரம்மாவின் சின்னப் படத்தை நினைத்துக் கட்டிய மாலை, அவர் படத்துக்குக் கொஞ்சம் குட்டையாக இருந்தது. இழுத்துச் சரிசெய்துகொண்டே, "ஐயா, நல்லா எழுதுனீக" என்றாள். பிறகு வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, இழவு வீட்டில் பெண்கள் அழுகிற மாதிரியே அழுதாள். நானும் அழுதேன். அவரைத் தூக்கிக்கொண்டு போன அன்றுகூட நான் அப்படி அழவில்லை.

காபி போட எழுந்தேன். வேண்டாம் என்றுவிட்டாள். துஷ்டிக்கு வந்த இடத்தில் போய் வருகிறேன் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பையை எடுத்து, என்னிடம் ஒன்றும் சொல்லாமல் படியிறங்கி பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தாள்.